அஞ்சி ஒளிந்த உயிருக்கு அபயம்

(இல்லறத்தார்க்கு ஒரு பாடம்)

உயிர்கள் அனைத்திற்கும் பொதுவாய் அமைந்த சஞ்ஞைகள் நான்கு என்று நம் ஆகமங்கள் கூறுகின்றன. ஆகாரம், பயம், மைதுனம், பரிக்கிரகம் என்பன அவை. உணவு வேட்கைக்கு அடுத்தபடியாக அச்சம் வைத்து எண்ணப்பட்டிருப்பது சிந்தித்தற்குரியது. பசித்த உயிருக்குச் சோறிட நாம் அறிவோம். அஞ்சிய உயிருக்கு என்ன செய்வது என்பதை நம்மிற் பலர் அறிந்திலோம். புதிதாக இல்லம் புகுந்து அஞ்சி ஒளிந்த ஒரு பூனையை முன்னிட்டு அதனை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கால்நடை மருத்துவப் பணியில் முப்பதாண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நம் சமூகத்துக் குடும்பங்களிலிருந்து பூனை குறித்து என்னிடம் வினவுவோர் உண்டு. அவர்கள் அனைவருக்கும் பயன்படும் என்று கருதி, என் தமக்கையார் இல்லத்தில் நிகழ்ந்ததனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

நிகழ்ந்தது என்ன?

என் தமக்கையார் ஆரணியை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்பவர். சென்னையில் பணிபுரியும் அவர் மகன், சென்ற ஆண்டு ஆடி மாத இறுதியில் ஒரு பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். அடுக்குமாடி வீடொன்றில் வளர்ந்த இரண்டு வயதுப் பெண்பூனை அது. வளர்த்தவர்கள் வெளிநாடு செல்ல நேர்ந்தது; ஏற்பார் இல்லையேல் தெருவில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில் இரக்கப்பட்டு அவன் ஏற்றுக்கொண்டான்.

கூடையைத் திறந்த மாத்திரத்தில் பூனை பின்கட்டு அறைக்குள் ஓடி நெற்குதிருக்குப் பின்னே ஒடுங்கிற்று. அன்றிரவு எவரும் காணாதபோது சிறிது உண்டது. மறுநாள் எட்டு வயதுப் பேரன், அதனோடு விளையாடும் ஆவலால், துடைப்பக் கட்டையால் தள்ளி, வெளிப்பட்ட பூனையைக் கையால் பிடித்து இழுத்தான். அது அவன் முன்கையைக் கீறிவிட்டு மீண்டும் குதிருக்குப் பின்னே சென்றது. அதன்பின் உணவைத் தீண்டவில்லை.

மூன்றாம் நாள் இரவு தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, இதைக் கொண்டுவந்தது தருமம் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், பட்டினி போட்டுக் கொல்லுகிறேனோ என்று பயமாக இருக்கிறது” என்றார்.

முதலில் பேரனைப் பற்றிக் கேட்டேன். பூனை கீறினாலும் கடித்தாலும் அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது மருத்துவரிடம் சென்று வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி குறித்து அறிவுரை பெறுதல் வேண்டும். பூனைக்குத் தடுப்பூசி போடப்பட்டிருப்பினும் இதனைத் தவிர்த்தல் கூடாது. அவர்கள் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தனர் என்றறிந்து ஆறுதலடைந்தேன். மறுநாட் காலை நானே புறப்பட்டுச் சென்றேன்.

பூனை ஏன் ஒளிகிறது?

பூனையைக் கள்ளத்தனத்திற்கு உவமையாக்குவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கு. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களை உயர்த்தி நின்று தவம் புரியும் பூனையையும், அதனருகே நம்பி நிற்கும் எலிகளையும் கண்டு நகைக்காதவர் இலர். இவ்வழக்குப் பற்றியே, ஒளிந்திருக்கும் பூனையைத் திருட்டுப் பூனை என்று எண்ணுகிறோம். அதன் இயல்பை அறிந்தால் அவ்வாறு எண்ணோம்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. அது தனித்து வேட்டையாடி வாழும் சிறு விலங்கு. தன்னினும் பெரிய விலங்குகளுக்கு அதுவே இரையுமாகும். ஆதலின், ஆபத்தென்று தோன்றியதும் ஒடுங்கி ஒளிதல் அதன் உடம்போடு பிறந்த காவல். மனிதனோடு அதற்குள்ள தொடர்பு மிகப் பழையது. சைப்பிரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர் வெளியிட்டனர். இத்துணைக் காலம் நம்முடன் வாழ்ந்தும் பூனை தன் பழைய காவலை விட்டுவிடவில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையுள்ள காலமே பூனைக்குட்டி மனிதரைத் தனக்கு வேண்டியவராக ஏற்றுக்கொள்ளும் பருவம் என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அப்பருவத்தில் பலருடைய கைகளில் அன்புடன் வளர்ந்த குட்டி பின்னர் எவரிடத்தும் எளிதில் பழகும். ஓரிருவரை மட்டுமே கண்டு வளர்ந்தது புதியவரை அஞ்சும். ஆகவே கூச்சமுள்ள பூனையை நன்றியற்றது என்று பழித்தல் பிழை.

அதன் புலன்களையும் எண்ணிப் பாருங்கள். நாம் கேட்கும் ஒலியின் உயர்ந்த எல்லை வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். பூனையோ 60,000 அதிர்வுகளுக்கும் மேற்பட்ட ஒலியையும் கேட்கவல்லது. மோப்பத்திலும் நம்மினும் பன்மடங்கு மேம்பட்டது. தன் கன்னத்தையும் மோவாயையும் பொருள்களின்மீது உராய்ந்து, தன் மணத்தைப் பதித்தே ‘இஃது என் இடம்’ என அறிகிறது. புதிய வீட்டில் அதன் மணம் ஓரிடத்தும் இல்லை. மிக்சியின் ஓசையும், பாத்திரம் விழும் ஓசையும், பினாயில் நெடியும், முன்பின் அறியாத முகங்களும் ஒருசேரத் தாக்கினால் அஃது எங்குச் செல்லும்?

நால்வகைத் தானம்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். இல்லம் புகுந்த வாயில்லா உயிருக்கு இந்நான்கையும் எவ்வாறு அளிப்பது என முறையே காண்போம். இங்கு அபயத்தை முதலில் வைக்கிறேன். அச்சம் நீங்காத பூனை உண்ணாது. உண்ணாததற்கு மருந்தும் பயன்படாது.

1. அபயம்

தமக்கையார் இல்லத்தை அடைந்ததும் நான் பூனையை வெளியே எடுக்க முயலவில்லை. கைவிளக்கின் ஒளியைச் சுவர்மீது செலுத்தி, அதன் மெல்லிய வெளிச்சத்தில் பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது. மணல் தட்டில் சிறுநீர் கழித்த ஈரம் இருந்தது. அன்றிரவுக்குள் உண்ணாவிடின் ஆரணிக்குக் கொண்டுசென்று சிகிச்சை தொடங்குவதென முடிவு செய்துகொண்டு, பின்வரும் ஏற்பாடுகளைச் செய்தோம்.

முதலாவது, அந்தப் பின்கட்டு அறையையே பூனைக்கு உரியதாக்கினோம். புதிய பூனைக்கு வீடு முழுவதையும் ஒரே நாளில் காட்டுதல் ஆகாது. சிறிய, அமைதியான ஓர் அறையே போதும். கதவும் சன்னலும் தப்பிச் செல்லாவண்ணம் மூடப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, மளிகைக் கடையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியைக் கொணர்ந்து, பக்கவாட்டில் சாய்த்துக் குதிரின் ஓரமாக வைத்து, உள்ளே ஒரு பழைய நூற்புடவையை விரித்தோம். ஒளிந்துகொள்ள இடமளித்தால் பூனை வெளியே வாராது என்று பலர் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. நெதர்லாந்து நாட்டில், காப்பகத்திற்குப் புதிதாக வந்த 19 பூனைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஒளியும் பெட்டி கொடுத்து ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டனர். பெட்டி பெற்ற பூனைகளே விரைவில் மனக்கலக்கம் நீங்கின. தப்பிக்க இடம் உண்டென்று அறிந்த உயிரே துணிந்து வெளிவருகிறது.

மூன்றாவது, உணவு, நீர், மணல் தட்டு ஆகிய மூன்றையும் ஒன்றற்கொன்று தொலைவில் வைத்தோம். மலங்கழிக்கும் இடத்தருகே உண்ணப் பூனை விரும்பாது. அகன்ற தட்டில் நான்கு விரல் உயரத்திற்கு மணலோ மரத்தூளோ இட்டு, நாள்தோறும் அழுக்கை அகற்றிவிடுதல் வேண்டும். பினாயில் இட்டுக் கழுவுதல் கூடவே கூடாது. அதன் நச்சை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. வெந்நீரும் சிறிது சோப்புமே போதும்.

நான்காவதாக, வீட்டார் அனைவர்க்கும் ஒரு விதி செய்தோம். தமக்கையார் ஒருவரே அவ்வறைக்குட் செல்வது; பூனையை எவரும் தொடுவதில்லை; அழைப்பதில்லை; உற்று நோக்குவதும் இல்லை. உற்று நோக்குதல் பூனையின் மொழியில் போர்க்குறி ஆகும்.

“தொடவும் கூடாது, பார்க்கவும் கூடாது என்றால் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது தம்பி?” என்று தமக்கையார் கேட்டார்.

“அக்கா, நீங்கள் தினமும் செய்யும் சுவாத்தியாயத்தை அங்கே உட்கார்ந்து செய்யுங்கள். வாய்விட்டு மெதுவாகப் படியுங்கள். அதுவே போதும்” என்றேன்.

காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, குறித்த அதே நேரத்தில் கோரைப்பாயை விரித்து, பூனைக்குப் பக்கவாட்டாக அமர்ந்து அவர் படிக்கத் தொடங்கினார். நின்றால் மனித உருவம் பூனைக்கு மலைபோல் தோன்றும். அமர்ந்தால் அச்சம் குறையும். சீரான தாழ்ந்த குரல் நாளடைவில் அதற்குப் பழகிவிடும்.

படித்து முடித்ததும் உணவுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். முதல்நாள் இரவே பூனை உண்டது. பின்னர் நாளுக்கு ஒரு சாண் வீதம் தட்டைப் பாயின் அருகே நகர்த்தினார். பூனை தயங்கிய நாளில் ஒரு சாண் பின்னுக்குத் தள்ளினார். வந்த ஒன்பதாம் நாள் பெட்டியிலிருந்து தலை வெளிப்பட்டது. பன்னிரண்டாம் நாள் அவர் அமர்ந்திருக்கும்போதே வந்து உண்டது. பத்தொன்பதாம் நாள் அவர் முழங்காலில் கன்னத்தை உராய்ந்துவிட்டுச் சென்றது.

‘பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா’ என்று பழமொழி கூறுகிறோம். ஆனால் பூனை கண்ணை மூடுவதில் பொருள் உண்டு. அஞ்சாத பூனை தான் நம்பும் ஒருவர் முன்னே இமைகளை மெல்லத் தாழ்த்தி மெல்லத் திறக்கும். நாமும் அவ்வாறே மெல்ல இமைத்தால் அதுவும் இமைத்து விடையளிப்பதையும், அதன்பின் முன்பின் அறியாதவர் கையருகேயும் எளிதில் வருவதையும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் ஆராய்ந்து வெளியிட்டனர். இதனைக் குழந்தைகள் விரைவில் கற்றுக்கொள்கின்றனர்.

தொடும் முறையும் கற்றற்குரியது. ஒரு விரலைப் பூனையின் மூக்கு மட்டத்தில், சிறிது எட்ட நீட்டி அசையாதிருக்க வேண்டும். அதுவே வந்து முகர்ந்து கன்னத்தை உராய்ந்தால், கன்னத்தையும் மோவாயையும் இரண்டு மூன்று முறை வருடிவிட்டு நிறுத்த வேண்டும். மேலும் வேண்டுமாயின் அதுவே நெருங்கும். வயிற்றையும் வாலையும் தொடலாகாது. காது பின்னோக்கி மடிதல், வால் வெடுக்கென அசைதல், கருவிழி அகலுதல் ஆகியவை ‘போதும்’ என்னும் குறிகள். வாலை நிமிர்த்தி வருதல் நட்பின் குறி.

மூன்று வாரம் கழித்து, பூனை அறைக்குள் அச்சமின்றி நடமாடத் தொடங்கிய பின்னரே அடுத்த அறையைத் திறந்தோம். அதன் பின்னரும் பெட்டியை எடுக்கவில்லை.

2. ஆகாரம்

நம் இல்லங்களில் கடினமான வினா இதுவே. பூனையோடு அது வழக்கமாக உண்ட உலர் உணவுப் பை ஒன்றும் வந்திருந்தது. தமக்கையார் அதனைத் தொடாமல் சுட்டிக்காட்டி, “இதில் என்ன இருக்கிறது என்று மறைக்காமல் சொல்” என்றார். இறைச்சியும் மீனும் சேர்ந்தது என்று கூறினேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

மறைக்காமல் கூறவேண்டிய உண்மைகள் சில உண்டு. நாய் பலவகை உணவாலும் வாழும், பூனை அவ்வாறன்று. அதன் உடல் டாரின் என்னும் சத்தைப் போதிய அளவில் தானே ஆக்கிக்கொள்ளாது. அச்சத்துத் தாவர உணவில் இயற்கையாக இல்லை எனலாம். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை பழுதடையும் என்பது 1975இலும், இதயம் விரிந்து நலியும் என்பது 1987இலும் ஆராய்ச்சியால் தெளிவாயின. தயிர்ச்சோறும் பாலும் மட்டும் இட்டுப் பூனையை வளர்த்தால், வயிறு நிரம்பியிருக்கும்போதே சிறிது சிறிதாகக் குருடாகும். மேலும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரியாது, வயிற்றுப்போக்கு உண்டாகும்.

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. ஓர் உயிரின் உடலுக்கு இன்றியமையாத சத்தை அறிந்தே கொடாதிருப்பதும் ஐந்தாவதன்பாற் படும் என்பது என் கருத்து. மறுபுறம், ஓர் உயிருக்காகப் பிற உயிரைக் கொல்வித்தலும் நமக்கு ஆகாது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வழிகள் இரண்டே.

ஒன்று, செயற்கையாக ஆக்கப்பட்ட டாரின் முதலிய சத்துகள் சேர்த்து, பூனைக்கெனவே முழுமையாகத் தயாரிக்கப்பட்ட தாவர உணவு. இஃது எங்கும் எளிதிற் கிடைப்பதன்று. கால்நடை மருத்துவரிற் பெரும்பாலோர் இதனைப் பரிந்துரைப்பதும் இல்லை. இதனால் சிறுநீரில் காரத்தன்மை மிகுந்து கல் உண்டாகலாம். ஆண்பூனைக்கு அது உயிராபத்து. மருத்துவர் மேற்பார்வையின்றி வீட்டிலேயே கலந்து கொடுத்தல் ஒருபோதும் கூடாது. மற்றொன்று, ‘இவ்வுயிருக்கு வேண்டியதை எம்மால் அளிக்க இயலாது’ என்று உணர்ந்து, அளிக்க இயன்ற நல்லதோர் இல்லத்தைத் தேடிக்கொடுத்தல். இதில் இழிவு ஒன்றும் இல்லை.

ஓர் இரவு சிந்தித்தபின் தமக்கையார் கூறினார்: “புது இடத்தில் பயந்து கிடக்கும்போது சாப்பாட்டையும் மாற்றினால் அது செத்துவிடும் என்கிறாய். இந்தப் பை தீரும்வரை இதையே வைக்கிறேன். பிறகு நீ சொல்லும் தாவர உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றிப் பார்ப்போம். கண்ணோ இதயமோ சிறிது கெட்டாலும் என் பிடிவாதத்திற்காக அதை வைத்திருக்க மாட்டேன்.” இன்றுவரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை அப்பூனையின் கண்ணையும் இதயத்தையும் நான் சோதித்து வருகிறேன். இதுவரை நலமே. எல்லாப் பூனைக்கும் இவ்வாறே அமையும் என்று உறுதி கூற மாட்டேன். பூனையைக் கொணரும் முன்னரே ஒவ்வொரு குடும்பமும் இதனைச் சிந்தித்து முடிவு செய்தல் கடமை.

நோன்பு நமக்குரியது, பூனைக்கு அன்று. ஒருநாள் முழுவதும் ஒன்றும் உண்ணாதிருந்தால் மருத்துவரை நாட வேண்டும். ஓரிரு நாள் மேலும் கழிந்தால் உடலின் கொழுப்பு ஈரலில் தேங்கி உயிருக்கே ஊறு விளையும். பருத்த பூனைக்கு இவ்வாபத்து மிகுதி. உணவைச் சிறிது வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணம் எழுந்து உண்ணத் தூண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் குருதியணுக்களை அழிப்பவை. அவற்றை விலக்கிய இல்லங்களுக்கு இவ்வகையில் எளிமை உண்டு.

3. ஔடதம்

கூச்சம் என்று நாம் எண்ணுவது சில வேளை நோயாகவும் இருக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், மணல் தட்டில் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வாராமை, ஈறு வெளுத்தல் அல்லது மஞ்சளித்தல், ஒரே இடத்தில் அசைவின்றிக் கிடத்தல் ஆகியவற்றைக் கண்டால் ‘பழகட்டும்’ என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மனிதருக்குரிய காய்ச்சல் மாத்திரையாகிய பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்.

வெறிநோய்க்கும் பிற தொற்றுநோய்களுக்கும் தடுப்பூசி இன்றியமையாதது. கருத்தடை அறுவையை உறுப்புச் சிதைத்தலோடு ஒப்பிட்டுச் சிலர் தயங்குவர். பெண்பூனை ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும் ஈனக்கூடும். ஏற்பாரின்றித் தெருவில் மடியும் குட்டிகளை எண்ணுங்கால், மயக்க மருந்து கொடுத்து வலியின்றிச் செய்யும் அறுவை கருணையின்பாற் படுமென்றே கருதுகிறேன். புதிய இடத்தில் பழகி உடல் தேறிய பின்னர் அதனைச் செய்தல் நலம்.

4. சாத்திரம்

விலங்கிற்கு நாம் நூல் கற்பிப்பதில்லை. அதன் பொருட்டு நம் பிள்ளைகட்குக் கற்பிக்கிறோம். பேரனைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று தமக்கையாரிடம் கூறி, அவனை அழைத்து, “உன்னைப் போல் பத்து மடங்கு உயரமான ஒருவர், நீ ஒளிந்திருக்கும் இடத்தில் கட்டையை விட்டு இழுத்தால் நீ என்ன செய்வாய்?” என்று கேட்டேன். அவன் சிறிது எண்ணி, “நானும் கீறுவேன் தாத்தா” என்றான். அதற்குமேல் நான் அவனுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நீண்ட நாடாவின் நுனியில் துணி முடிந்து தரையில் இழுத்து விளையாட்டுக் காட்டும் பொறுப்பு அவனிடமே தரப்பட்டது.

இவ்விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. பூனை முதலிய கொல்லும் இயல்புடைய உயிர்களை வளர்த்தல் அநர்த்த தண்டமாகும் எனச் சிராவக ஒழுக்க நூல்களிற் சில கூறுகின்றன. எலி பிடிப்பதற்கென்று பூனையைக் கொணர்வோர்க்கு அஃது முற்றும் பொருந்தும். கைவிடப்பட்ட ஒன்றைக் காப்பவரும் அவ்வெச்சரிக்கையை மறத்தலாகாது. பூனையை வீட்டினுள்ளேயே வைத்து, நாள்தோறும் இருமுறை விளையாட்டுக் காட்டி அதன் வேட்டை உணர்வுக்கு வடிகால் அமைத்தால், அணிலும் பல்லியும் குருவியும் பிழைக்கும். வண்டிகளில் அடிபடாமல் பூனையும் பிழைக்கும்.

பழகவில்லை என்று சலித்து ஓராண்டுக்குள் தெருவில் விடுவோரும் உளர். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் வகையில் வளர்ப்பு விலங்கைக் கைவிடுதல் குற்றமாகும். உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலை 1976இல் நம் அரசியலமைப்பே குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக்கிற்று. நமக்கோ அவற்றிற்கு முன்னரே விதி உண்டு. இறக்குந் தறுவாயில் இருந்த நாய்க்கு ஐம்பத மந்திரத்தைச் செவியில் ஓதி, அதனைத் தேவகதிக்கு உய்த்த சீவகன் வரலாற்றைச் சீவக சிந்தாமணி கூறுவதை நாம் சிறுவயது முதலே கேட்டு வந்துள்ளோம்.

தீபாவளி இரவு

பூனை வந்து மூன்று திங்கள் நிறைவதற்குள் தீபாவளி வந்தது. வீடு முழுவதும் உலவிக்கொண்டிருந்த பூனை, ஊரில் முதல் வெடி வெடித்ததும் பின்கட்டு அறைக்கு ஓடித் தன் பெட்டிக்குள் ஒடுங்கிற்று. பேரன் பதறி, “தாத்தா, எல்லாம் மறுபடியும் முதலிலிருந்தா?” என்று எனக்குத் தொலைபேசியில் வினவினான். “இல்லை கண்ணா. அன்றைக்கு ஒளிய இடம் தெரியாமல் ஓடியது. இன்றைக்குத் தன் இடம் எதுவென்று தெரிந்து போயிருக்கிறது. கதவைச் சாத்தி, தண்ணீர் வைத்துவிட்டு வா. தானே வரும்” என்றேன்.

விடியற்காலை, மகாவீரர் வீடுபேறு எய்திய நாளின் வழிபாட்டிற்காகத் தமக்கையார் ஜினாலயம் சென்று திரும்பியபோது, பூனை வாயிற்படியின் உட்புறம் வாலை நிமிர்த்தி நின்றிருந்ததாம். “எத்தனையோ தானம் செய்திருக்கிறேன் தம்பி. கொடுத்தது போய்ச் சேர்ந்தது என்று கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான்” என்றார்.

சிந்தனைக்கும் பயிற்சிக்கும்

1. நம் இல்லத்தில் நாள்தோறும் எழும் ஓசைகளையும் நெடிகளையும் பட்டியலிடுக. அவற்றுள் புதிதாக வரும் ஓர் உயிரை அச்சுறுத்துவன எவை? குறைக்கக் கூடியவை எவை?

2. பூனையை ஏற்குமுன் அதன் உணவு, மருத்துவம், நாம் வெளியூர் செல்லுங்கால் காப்பவர் யார் என்னும் மூன்றினையும் குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்க. பூனையின் வாழ்நாள் பதினைந்து ஆண்டுகள் வரையும், அதற்கு மேலும் நீளக்கூடும் என்பதை நினைவிற் கொள்க.

3. அஞ்சிய உயிரை வெளியே இழுத்தலுக்கும், அது தானே வெளிவரக் காத்திருத்தலுக்கும் உள்ள வேறுபாட்டினைப் பிள்ளைகட்கு விளக்குக. புதிய பள்ளியில் சேர்ந்த குழந்தைக்கும், புகுந்த வீட்டிற்கு வந்த மணமகளுக்கும் இது பொருந்துமா என அவர்களையே கேட்டறிக.